பிரெஞ்சுத் துப்பாக்கிமுனைக் கத்திகள் – ஆரணி, படவேடு வட்டாரப் பின்னணியும் சேகரிப்பும்

பிரெஞ்சுத் துப்பாக்கிமுனைக் கத்தி (பயனெட்) என்பது பிரெஞ்சுப் படைவீரர்கள் தம் துப்பாக்கியின் குழல் முனையில் பொருத்திப் பயன்படுத்திய குத்துக் கத்தி. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் உருவான இந்த ஆயுதம் பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரி வழியாகத் தமிழகத்திற்கு வந்தது. கர்நாடகப் போர்கள் நடந்த ஆர்க்காடு, ஆரணி, வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களில் பிரெஞ்சு வீரர்களும் அவர்களிடம் பயிற்சி பெற்ற தமிழ்ச் சிப்பாய்களும் இதைத் தாங்கி நடந்தனர். இன்று உலகெங்கும் பழைய படைக்கலன்களைச் சேகரிப்போர் விரும்பித் தேடும் பொருள்களில் இதுவும் ஒன்று. தமிழகத்தில் அரசு அருங்காட்சியகங்களிலும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் வீடுகளிலும், சில சமயம் காயலான் கடைகளிலும் இத்தகைய கத்திகளைக் காணலாம்.

பெயர்

பயனெட் என்ற சொல் தென்மேற்குப் பிரான்சில் உள்ள பயோன் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. அவ்வூரில் செய்யப்பட்ட ஒருவகைக் குத்துவாளுக்கு முதலில் இப்பெயர் வழங்கியது. துப்பாக்கியோடு சேர்ந்தது பின்னர்தான்.

தமிழில் இதற்குத் துப்பாக்கிச் சனியன் என்ற பெயர் உண்டு. பழைய அகராதிகளிலும் இலங்கைத் தமிழ் எழுத்துகளிலும் இச்சொல்லைக் காணலாம். சனிக்கிரகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்தியிலும் உருதுவிலும் இக்கத்திக்கு வழங்கும் சங்கீன் என்ற சொல்லே தமிழ் நாவில் சனியன் ஆனதாகக் கொள்ளலாம். எதிரில் நின்றவனுக்கு இந்த உச்சரிப்பு மாற்றம் பொருத்தமாகவே தோன்றியிருக்கும். இன்று பாடநூல்களில் துப்பாக்கிமுனைக் கத்தி என்றே எழுதுகிறார்கள். இக்கட்டுரையிலும் அதுவே பெரிதும் பயன்படுத்தப்படுகிறது.

தோற்றம்

தொடக்கக் காலத் துப்பாக்கியை ஒருமுறை சுட்ட பிறகு மீண்டும் மருந்து கெட்டித்துக் குண்டு போட நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் குதிரைப்படை பாய்ந்து வந்தால் துப்பாக்கி வீரன் வெறுங்கையோடு நிற்பவனுக்குச் சமம். அதனால் ஒவ்வொரு படையிலும் துப்பாக்கி வீரர்களுக்குக் காவலாக நீண்ட ஈட்டி வீரர்களை நிறுத்த வேண்டியிருந்தது. துப்பாக்கியையே ஈட்டியாக்கிவிட்டால் இரண்டு ஆள் வேலையை ஒருவன் செய்யலாம் என்பதே இக்கத்தியின் பின்னுள்ள எண்ணம்.

முதலில் வந்தது செருகு கத்தி. அதன் மரக் கைப்பிடியைத் துப்பாக்கிக் குழலின் வாய்க்குள் செருகுவார்கள். 1671இல் பிரான்சில் அமைக்கப்பட்ட பியூசிலியர் படையணிக்கு இது வழங்கப்பட்டது. இதில் ஒரு பெரிய குறை இருந்தது: கத்தியைச் செருகிய பிறகு சுட முடியாது. 1689இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் அரசுப் படையினர் கத்தியைச் செருகி முடிப்பதற்குள் மலைநாட்டு வீரர்கள் வாளோடு பாய்ந்து அவர்களைச் சிதறடித்தனர்.

இக்குறையைத் தீர்த்தது குழல் கத்தி. இதில் கைப்பிடி இல்லை. அதற்குப் பதிலாக இரும்பாலான ஒரு சிறு குழல் இருக்கும். அது துப்பாக்கிக் குழலின் வெளிப்புறத்தில் சட்டை மாட்டுவதுபோல் மாட்டிக்கொள்ளும். குழலில் வெட்டப்பட்ட வளைவான காடியில் துப்பாக்கியின் மேலுள்ள சிறு குமிழ் புகுந்து நிற்கும். கத்தியின் அலகு பக்கவாட்டில் விலகி நிற்பதால் சுடவும் செய்யலாம், மருந்தும் கெட்டிக்கலாம். இந்த அமைப்பைக் கோட்டைப் பொறியாளர் வோபானுடன் இணைத்துச் சொல்வது வழக்கம். 1703 வாக்கில் பிரெஞ்சுக் காலாட்படையில் ஈட்டி ஒழிந்து, துப்பாக்கியும் குழல் கத்தியுமே எல்லோருக்கும் ஆயுதமாயின. 1717இல் பிரெஞ்சு அரசு முதன்முறையாகப் படை முழுமைக்கும் ஒரே மாதிரித் துப்பாக்கியை வகுத்தது. அதன் பின் 1728, 1746, 1754, 1763, 1777 எனத் திருத்திய மாதிரிகள் வந்தன.

அலகு ஏன் முக்கோணமாக இருக்கிறது என்ற கேள்வி அடிக்கடி எழும். முக்கோணக் காயத்தைத் தைக்க முடியாது, அதனால்தான் அப்படிச் செய்தார்கள், பிறகு ஜெனீவா ஒப்பந்தம் அதைத் தடை செய்தது என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். ஜெனீவா ஒப்பந்தங்களில் முக்கோணக் கத்தியைப் பெயர் சொல்லித் தடுக்கும் விதி எதுவும் இல்லை. காரணம் எளிய பொறியியல்தான். தட்டையான தகடு குத்தும்போது வளையும். மூன்று முகமுள்ள கம்பி குறைந்த எடையில் அதிக விறைப்பைத் தரும். மூன்று முகங்களையும் சற்றுக் குழிவாகத் தேய்த்தால் எடை இன்னும் குறையும். இதை வெட்டுவதற்குப் பயன்படுத்த முடியாது. விறகோ இறைச்சியோ வெட்ட உதவாத ஒரு கத்தியை வீரன் நாள் முழுவதும் சுமந்தான் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

தமிழகத்திற்கு வந்த வழி

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாய்த் துறைமுகமான லோரியானிலிருந்து வந்த கப்பல்களில் துணி வாங்க வெள்ளியும் கோட்டையைக் காக்க ஆயுதமும் சேர்ந்தே வந்தன. புதுச்சேரியில் ஐரோப்பிய வீரர்களின் எண்ணிக்கை எப்போதும் குறைவு. அதனால் உள்ளூர் ஆட்களைச் சேர்த்துப் பிரெஞ்சு முறையில் பயிற்சி கொடுத்துச் சிப்பாய்ப் படைகளை அமைத்தனர்.

இப்படையின் வலிமை வெளிப்பட்டது 1746இல். சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த பின், அதை மீட்க ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் தன் மகன் மாபுஸ்கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். அப்படையில் பத்தாயிரம் பேர் இருந்ததாகச் சொல்வர். புதுச்சேரியிலிருந்து சில நூறு பேருடன் வந்த பராதி என்ற தளபதி அடையாற்றங்கரையில் அதைச் சந்தித்தார். ஆற்றைக் கடந்து, ஒருமுறை சேர்ந்து சுட்டுவிட்டு, கத்தி பொருத்திய துப்பாக்கிகளோடு பிரெஞ்சுப் படை நேராகப் பாய்ந்தது. நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் ஓடிக் கலைந்தது. ஒழுங்காக அணிவகுத்த சிறுபடை பெரிய குதிரைப்படையை வெல்ல முடியும் என்பதை இந்நாட்டு அரசர்களும் ஐரோப்பியரும் ஒரே நாளில் கண்டுகொண்டனர். இதற்குத் துப்பாக்கிமுனைக் கத்தி மட்டும் காரணமல்ல. வேகமாகச் சுடும் பயிற்சியும் சேர்ந்தே இதைச் செய்தது. ஆனால் கத்தி இல்லாவிட்டால் காலாட்படை வீரன் குதிரையின் முன் அசையாமல் நின்றிருக்க மாட்டான்.

ஆரணியில் நடந்தது

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி இன்று பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. அதன் மேற்கே, சவ்வாது மலையடிவாரத்தில், ரேணுகாம்பாள் கோயிலால் அறியப்படும் படவேடு இருக்கிறது. படைவீடு என்பதே இவ்வூர்ப் பெயரின் பழைய வடிவம். படை தங்கும் இடம் என்பது அதன் பொருள். சம்புவராயர்கள் பதினான்காம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்டனர். விசயநகர இளவரசர் குமார கம்பணர் படையெடுத்து வந்தபோது இந்த அரசே முதலில் வீழ்ந்தது. துப்பாக்கி வருவதற்கு முன்பே இவ்வட்டாரம் படைகள் கடக்கும் பாதையாக இருந்தது. வேலூரிலிருந்து தெற்கே செல்லும் எந்தப் படையும் மலைக்கும் சமவெளிக்கும் இடையிலுள்ள இந்நிலத்தைக் கடக்க வேண்டும். கர்நாடகப் போர்க்காலத்தில் படவேட்டின் அரசியல் முக்கியத்துவம் போய்விட்டது. அந்த இடத்தைச் சமவெளியில் கோட்டையோடு இருந்த ஆரணி பெற்றது.

1751இல் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்து, சந்தாசாகிபின் மகன் ராசாசாகிப் இட்ட முற்றுகையை ஐம்பது நாள் தாங்கினார். நவம்பரில் முற்றுகை கலைந்தது. பின்வாங்கிய ராசாசாகிபுக்குத் துணையாகப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு வீரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கிளைவோ முராரிராவின் மராட்டியக் குதிரைப்படையில் ஒரு பிரிவைச் சேர்த்துக்கொண்டு பின்தொடர்ந்தார். டிசம்பர் 3 அன்று ஆரணி அருகே இரு படைகளும் மோதின.

போர் நடந்த நிலத்தின் அமைப்பை ராபர்ட் ஓர்ம் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். ஒருபுறம் ஊர், மறுபுறம் பனந்தோப்பு, எதிரே தண்ணீர் நிற்கும் நெல்வயல், வயலின் குறுக்கே ஊரை நோக்கி வரும் ஒரு மேட்டுப்பாதை. டிசம்பரில் ஆரணிப் பக்கம் போனவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. சேற்று வயலில் அணிவகுத்து ஓடிவர முடியாது. ஆகவே பிரெஞ்சுப் படை பீரங்கிகளோடு மேட்டுப்பாதை வழியே வந்தது. பாதையில் நெருக்கமாக வந்தவர்கள் மேல் கிளைவின் பீரங்கிகள் சுட்டன. மராட்டியக் குதிரைகள் தோப்பிலிருந்தவர்களைத் தாக்கின. மேட்டுப்பாதையிலிருந்து வயலில் இறங்கியவர்கள் ஒழுங்கு குலைந்தனர். ராசாசாகிபின் படை தோற்று விலகியது.

இப்போரில் துப்பாக்கிமுனைக் கத்திக்குப் பெரிய வேலை இல்லை. வென்றது பீரங்கி, தோற்கடித்தது சேறு. ஆனால் சேகரிப்பு வரலாற்றுக்கு முக்கியமான செய்தி அடுத்துத்தான் வருகிறது. தோற்ற படையிலிருந்த, பிரெஞ்சுக்காரரிடம் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் பலர் கிளைவிடம் வந்து வேலை கேட்டார்கள். அவர்களில் நல்ல ஆயுதங்களோடு வந்த அறுநூறு பேரைக் கிளைவ் சேர்த்துக்கொண்டதாக ஓர்ம் எழுதுகிறார். ஆள் மாறவில்லை, ஆயுதமும் மாறவில்லை, சம்பளம் கொடுக்கும் கொடி மட்டும் மாறியது. ஆகவே ஆரணிப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கத்தி கிடைத்தால், அது பிரெஞ்சுக்காரன் கையிலிருந்து விழுந்தது என்று உடனே முடிவு கட்ட முடியாது. ஆங்கிலேயருக்காகப் போரிட்ட ஒரு தமிழ்ச் சிப்பாயின் கத்தியாகவும் அது இருக்கலாம்.

வந்தவாசியும் அதற்குப் பின்னும்

கத்திச் சண்டை உண்மையில் நடந்தது ஆரணிக்குக் கிழக்கே, வந்தவாசியில். 1760 சனவரி 22 அன்று லாலியின் படையும் அயர் கூட்டின் படையும் மோதின. பிரெஞ்சு லொரேன் படையணி நீள் அணியாக வந்து கூட்டின் படையணி மேல் பாய்ந்தது. மிக அருகில் வந்த பிறகே ஆங்கிலேயர் சுட்டனர். அதையும் தாங்கிக்கொண்டு லொரேன் வீரர்கள் எதிரணிக்குள் புகுந்தார்கள். சிறிது நேரம் இருபுறமும் கத்திமுனையிலேயே போர் நடந்தது. பின்னர் லொரேன் அணி பின்வாங்கியது. மற்றொரு பக்கத்தில் பிரெஞ்சு வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துப் பெருங்குழப்பம் விளைந்தது. கத்திமுனைத் தாக்குதலுக்குப் படையைத் திரட்டி முன் நடத்திய புஸ்ஸி சிறைப்பட்டார். ஓராண்டு கழித்து, 1761 சனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. கோட்டை இடிக்கப்பட்டது.

இதன் பின்பும் பிரெஞ்சு ஆயுதங்கள் இப்பகுதிக்கு வந்தன. 1782இல் துஷேமன் தலைமையில் பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கி ஐதர் அலியோடு சேர்ந்து கடலூரைப் பிடித்தது. அதே ஆண்டு சூன் 2 அன்று ஆரணியில் ஐதர் அலியும் அயர் கூட்டும் மீண்டும் மோதினர். ஐதரின் தளவாடங்களும் உணவுப் பொருள்களும் ஆரணியில் இருந்ததே கூட் அங்கு வந்ததற்குக் காரணம். 1783இல் முதுமையடைந்த புஸ்ஸி கடலூரில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கினார்.

எனவே இவ்வட்டாரத்தில் பிரெஞ்சு ஆயுதங்கள் இரண்டு அடுக்காக வந்தன என்று கொள்ளலாம். 1746 முதல் 1761 வரை ஓர் அடுக்கு. அதில் 1754 வரையிலான மாதிரிகளே வந்திருக்க முடியும். 1782–83இல் இன்னோர் அடுக்கு. அதில் 1763க்குப் பிந்தைய மாதிரிகளும் வரலாம். கம்பெனி வாங்கிய ஆயுதங்கள் அரசு மாதிரியை அப்படியே ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடையாளம் காணுதல்

சேகரிப்பவர்களுக்கு மிகுந்த குழப்பம் தருவது பதினெட்டாம் நூற்றாண்டுக் குழல் கத்திதான். பிரெஞ்சுக் கத்தியும் ஆங்கிலக் கத்தியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். அளந்து பார்ப்பதே முதல் வழி. ஆங்கிலேயரின் துப்பாக்கிக் குழல் தடித்தது. அதன் உள்விட்டம் சுமார் 19 மி.மீ. பிரெஞ்சுத் துப்பாக்கியின் உள்விட்டம் சுமார் 17.5 மி.மீ. மட்டுமே. துப்பாக்கிக் குழல் சிறுத்தால் அதன் மேல் மாட்டும் கத்திக் குழலும் சிறுத்திருக்கும். அலகின் நீளமும் உதவும். ஆங்கிலக் கத்தியின் அலகு சுமார் 43 செ.மீ. இருக்கும். பிரெஞ்சு 1777 மாதிரியின் அலகு 40 செ.மீ. அளவில் நிற்கும். துருப்பிடித்து முனை ஒடிந்த கத்தியில் இந்த நீளக் கணக்கு பயன்படாது. அப்போது குழலின் விட்டத்தைத்தான் நம்ப வேண்டும்.

1777 மாதிரியில் குழலின் நடுவே சுழலும் வளையம் ஒன்று உண்டு. துப்பாக்கியின் குமிழைப் பூட்டிப் பிடிப்பது அதன் வேலை. குத்திய கத்தி எதிரியின் உடலிலேயே தங்கிவிடாமலும், எதிரி கையால் பிடித்துக் கழற்றாமலும் இருக்க இந்த வளையம் உதவியது. முற்பட்ட மாதிரிகளில் நடுவளையம் இராது. ஆனால் இதே அமைப்பு நெப்போலியன் காலம் முழுவதும் நீடித்தது. எனவே வளையத்தைப் பார்த்ததும் 1783 என்று எழுதிவிடக் கூடாது.

அக்காலத்தில் எல்லாம் கைவேலை. ஒவ்வொரு கத்தியும் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கென்று பட்டறையில் தேய்த்துப் பொருத்தப்பட்டது. ஒரு துப்பாக்கியின் கத்தி பக்கத்து வீரனின் துப்பாக்கியில் சரியாக உட்காராது. இரண்டிலும் ஒரே எண் அல்லது குறி பொறிப்பது அதனால்தான். சார்லவில், மொபேழ், சேன்த் எத்தியேன் ஆகியவை பெரிய துப்பாக்கித் தொழிற்சாலைகள். அல்சாசின் கிளிங்கென்தால் 1730இல் தொடங்கி வாள்களுக்கும் கத்தி அலகுகளுக்கும் புகழ் பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கத்திகளில் இந்தத் தொல்லை குறைவு. அவை தாமே தம் பிறப்பைச் சொல்லும். 1866இல் வந்த சஸ்போ துப்பாக்கியின் கத்தி, துருக்கிய யட்டகான் வாள்போல் இரட்டை வளைவுடைய நீண்ட வெட்டுக் கத்தி. அலகு மட்டும் சுமார் 57 செ.மீ. வரி வரியாக வார்த்த பித்தளைக் கைப்பிடி உண்டு. அடுத்து 1874இல் வந்த கிராஸ் துப்பாக்கியின் கத்தியில் அலகு நேராகி 52 செ.மீ. ஆகக் குறைந்தது. குறுக்குவெட்டில் ஆங்கில டி எழுத்துபோல் முதுகு தடித்திருக்கும். கைப்பிடி மரத்தாலும் அதன் தலைப்பகுதி பித்தளையாலும் ஆனது. இவ்விரண்டின் முதுகிலும் தொழிற்சாலையின் பெயர், மாதம், ஆண்டு ஆகியன கையெழுத்துபோல் சாய்வாகப் பொறிக்கப்பட்டிருக்கும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கிராஸ் கத்தியில் தொடங்குவதற்கு இந்தப் பொறிப்பே காரணம். கையில் எடுத்தவுடன் ஒரு மாதமும் ஆண்டும் படிக்கக் கிடைக்கிறது. குறுக்குப் பட்டையில் உள்ள எண்ணும் உறையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் மதிப்பு கூடும். உறை மாறிப்போன கத்திகளே மிகுதி.

இந்தியாவில் சஸ்போ கத்தி என்று சொல்லி விற்கப்படுவது சில சமயம் ஆங்கில என்பீல்டு துப்பாக்கியின் வளைவுக் கத்தியாக இருக்கும். வளைவு ஒன்றுபோல் இருந்தாலும் கைப்பிடி காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலக் கத்தியின் கைப்பிடியில் கருந்தோல் பட்டைகள் ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும்.

1886இல் லெபெல் துப்பாக்கியோடு வந்தது ஊசிக் கத்தி. சிலுவைபோல் நான்கு முகமுடைய மெல்லிய அலகு, 52 செ.மீ. நீளம். துப்பாக்கியோடு சேர்த்தால் 180 செ.மீ.க்கு மேல் உயரும். முதல் உலகப் போரில் பிரெஞ்சு வீரர்கள் இதற்கு ரோசலி என்று பெண் பெயர் வைத்தார்கள். தியோடர் பொத்ரெல் 1914இல் எழுதிய பாடலால் அப்பெயர் பரவியது. அதன் கைப்பிடி முதலில் வெண்ணிற உலோகக் கலவையில் செய்யப்பட்டது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் பித்தளைக்கு மாறியது. பதுங்குகுழிப் போரில் இவ்வளவு நீளம் இடைஞ்சலாக இருந்தது என்பது வேறு செய்தி. 1936இல் வந்த மாஸ் துப்பாக்கியில் கத்தி வெறும் ஆணியாகச் சுருங்கி, துப்பாக்கிக் குழலுக்கு அடியிலேயே தலைகீழாகச் செருகி வைக்கப்பட்டது.

புதுச்சேரி வீடுகள்

இந்தப் பிற்காலக் கத்திகள் தமிழர் வாழ்வில் நுழைந்தது போர்க்களம் வழியாக அல்ல, பணி வழியாக. முதல் உலகப் போரில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஐரோப்பா சென்றனர். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச்சின்னம் அப்போரில் மாண்டவர்களுக்கானது. பின்னர் இந்தோசீனாவிலும் புதுச்சேரித் தமிழர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றினர். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களும் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறுபவர்களும் புதுச்சேரியில் தொடர்ந்து வாழ்ந்தனர். முன்னாள் வீரர்களுக்கான புவாயே டு சொல்டா என்ற அமைப்பு அங்கு உள்ளது. சூலை 14ஆம் நாள் பதக்கங்கள் அணிந்து ஊர்வலம் வருவதும் நடைபெறுகிறது.

தாத்தாவின் பதக்கம், பணிப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு ஒரு கத்தியும் பெட்டியில் இருந்தால், அக்கத்திக்கு ஓர் ஆள் இருக்கிறார், ஒரு படையணி இருக்கிறது, ஓர் ஊர் இருக்கிறது. பெட்டியைப் பிரித்துப் பதக்கத்தை ஒருவரிடமும் கத்தியை இன்னொருவரிடமும் விற்றுவிட்டால் அவை வெறும் பித்தளையும் இரும்புமாகிவிடும். குடும்பத்தில் பாகம் பிரிக்கும்போது இதுதான் நடக்கிறது. சேகரிப்பாளர்கள் தரும் விலை கூட இந்தச் சேர்க்கையைப் பொறுத்தே ஏறுகிறது என்பதை விற்பவர்கள் பலர் அறிவதில்லை.

துருவும் புளியும்

பழைய இரும்பைக் கெடுப்பது காலம் மட்டுமல்ல. நல்லெண்ணத்தோடு செய்யும் சுத்தமும் கெடுக்கும். நம் வீடுகளில் பித்தளை என்றாலே புளி போட்டுத் தேய்ப்பது வழக்கம். சஸ்போ கைப்பிடியைப் புளி போட்டு விளக்கினால் நூற்றைம்பது ஆண்டுப் பழுப்பு நிறம் போய்விடும். கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையே இறங்கிய புளித்தண்ணீர் உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். ஆயுத பூசையன்று ஈரச் சந்தனமும் குங்குமமும் அலகில் நேரடியாக வைப்பதும் இத்தகையதே. மறுநாள் துடைத்தாலும் பொட்டு வைத்த இடத்தில் துரு வட்டம் நிற்கும். பூசை செய்ய விரும்பினால் பொட்டை உறையிலோ தாங்கும் பலகையிலோ வைக்கலாம்.

செந்நிறத்தில் பொடியாக உதிரும் துரு வளர்ந்துகொண்டிருக்கும் துரு. கருமையாகக் கெட்டித்து நிற்பது அடங்கிய துரு, அதைச் சுரண்டக் கூடாது. உப்புத்தாளும் கம்பித் தூரிகையும் பொறிப்புகளை அழித்துவிடும். மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் பொறுமையாகத் துடைத்து, ஈரம் இல்லாமல் உலர்த்தி, மெழுகு பூசி வைப்பதே போதும். தோல் உறைக்குள் கத்தியை நிரந்தரமாகச் செருகி வைப்பதும் தவறு. தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும்.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். வட இந்தியாவில் டேராடூன் உள்ளிட்ட இடங்களில் பழைய படைக்கலன்களின் நகல்கள் முறையாகச் செய்து ஏற்றுமதியாகின்றன. திரைப்படத்துக்கும் அலங்காரத்துக்கும் செய்யப்படும் அவை நகல் என்று சொல்லி விற்கப்படும்வரை குற்றமில்லை. அவற்றை அமிலத்தில் நனைத்துப் பழமை ஏற்றிப் போர்க்களத்தில் கிடைத்தது என்று விற்பதுதான் ஏமாற்று. உண்மையான துரு ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலோட்டமாகவும் இருக்கும். அமிலத் துரு எங்கும் ஒரே சீராக அம்மைத் தழும்புபோல் பரவியிருக்கும்.

சட்டம்

வீட்டில் வைத்திருப்பது பழம்பொருள்தானே என்று இதை எளிதாக எண்ணிவிட முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகளில், துப்பாக்கி அல்லாத ஆயுதங்களின் பட்டியலில் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு துப்பாக்கிமுனைக் கத்தியும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலைக்கும் உழவுக்கும் ஆனது அல்லாவிட்டால் அதே பட்டியலில் வரும். இத்தகைய ஆயுதங்களுக்கு உரிமம் வேண்டுமா என்பது அந்தப் பகுதிக்கு அரசு அறிவிக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வரவழைப்பதற்குத் தனி அனுமதி தேவை. வாங்கிய பின் சுங்கத் துறையில் நிற்பதைவிட, வாங்கும் முன் மாவட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கேட்பது மேல்.

நூறாண்டுக்கு மேற்பட்ட பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் எல்லைக்குள் வரும். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. தொல்பொருள் வணிகம் செய்ய உரிமம் வேண்டும். நிலத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. பத்து ரூபாய் என்பது 1878இன் பத்து ரூபாய். தொகை இன்றும் மாறாததால் எல்லாமே அதற்குள் வந்துவிடுகிறது.

காயலான் கடைக்குப் போகும் முன்

ஏரி தூர்வாரும்போதும் கிணறு வெட்டும்போதும் கிடைக்கும் நீண்ட இரும்புத் துண்டுகள் பெரும்பாலும் எடைக்குப் போகின்றன. நல்ல எஃகு என்று தெரிந்தால் கொல்லர் பட்டறையில் உளியாகவோ அரிவாளாகவோ மாறுகின்றன. கொல்லரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இரும்பை வீணாக்காமல் இருப்பது அவர் தொழில். ஆனால் ஆரணிச் சமவெளியில் 1751லும் 1782லும் படைகள் நின்ற இடங்களைத் துல்லியமாகக் குறிக்க எழுத்துச் சான்று போதாது. ஓர்ம் எழுதிய மேட்டுப்பாதை எது, பனந்தோப்பு எது என்பதை இன்றைய வரைபடத்தில் காட்ட வேண்டுமானால், மண்ணுக்குள் கிடக்கும் ஈயக் குண்டும் கத்தியின் குழலும் கிடைத்த இடமும்தான் வழி காட்டும். எந்த வயல், எந்தக் கரை, எத்தனை அடி ஆழம் என்ற குறிப்பில்லாமல் கிடைத்த கத்தி, எவ்வளவு பழையதாக இருந்தாலும், அந்தப் போரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

எனவே இத்தகைய பொருள் கண்ணில் பட்டால் முதலில் எடுக்காமலே, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுக்க வேண்டும். இடத்தின் பெயரையும், அருகிலுள்ள ஏரி அல்லது கோயிலிலிருந்து தூரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்குத் தெரிவிக்கலாம். வேலூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் இவ்வட்டாரத்துக்கு அருகில் உள்ளது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் படைக்கலப் பகுதியிலும், புனித சார்ச் கோட்டையில் இந்தியத் தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகத்திலும் பழைய ஆயுதங்களை நேரில் பார்க்கலாம். பொருளை ஒப்படைத்தால், கிடைத்த இடம் எழுதப்பட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி, அதன் படி ஒன்றைப் பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ வைத்துக்கொள்ளலாம்.